கண்டக்டர் வாயில் இரண்டு திருகாணி

பள்ளிப்பட்டு வண்டி திருத்தணி பேருந்து நிலையத்துக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பின்படியில் தோல் பையோடு நின்றிருந்த கண்டக்டர் முனிரத்தினம் என்னைப் பார்த்ததும் இறங்கி வரவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்தார்.

ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்த சிறு கண்ணாடியை உள்ளே விட்டேன். காலை வெயில் நேராக மேல் ஈறில் விழுந்தது. அப்படி விழ வேண்டும் என்பதற்காகவே வண்டியைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தும்படி டிரைவரிடம் அவர் சொல்லி வைத்திருந்தார்.

மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இருந்த இடம் காலி. அந்த இடத்து ஈறு இளஞ்சிவப்பாக, மூடிய இமை போல இருந்தது. அதற்கு உள்ளே, எலும்பில், இரண்டு டைட்டேனியம் திருகாணிகளை நான் புதைத்து வைத்திருந்தேன்.

இறங்கக் காத்திருந்த காய்கறிக்கார அம்மாள் கூடையோடு அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“என்னா டாக்டரே, உள்ள என்னா கீது?”

“ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்குது.”

“ஒண்ணும் இல்லாததையா இவ்ளோ நேரம் பாத்துகினு கீறீங்க? கூடையில கத்தரிக்கா வாடுது. வழி வுடுங்க.”

முனிரத்தினம் வாயை மூடிக்கொண்டு, “ஸ்குரூ போட்டிருக்காங்கக்கா. அதப் பாக்கறாரு” என்றார்.

“மண்டையில போட்டிருக்கணும். அங்கதான் கழண்டு கெடக்குது” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

என் ஆராய்ச்சி வாழ்க்கையின் முக்கியமான பரிசோதனைகள் இப்படித்தான் நடந்தன.

தேதி கேட்கும் அன்பருக்கு

சென்ற வாரம் நான் கல்லூரிக்குப் போய்வந்த ரயிலைப் பற்றி எழுதியதற்கு அரக்கோணத்து வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். கிழமையும் தேதியும் இல்லாமல் எழுதினால் அது நினைவா, கற்பனையா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. எனக்கும் அந்த வியாதி உண்டு. உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, திதி தவறு என்று பந்தியில் சொல்லி, பாயசம் வராமல் போனவன் நான்.

ஆனால் இந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர், “தேதிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நடந்ததை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டார். ஆகவே எண்பதுகளின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தமிழ் மாதங்களை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டு வாங்கியிருக்கிறேன். அவை இல்லாமல் இந்த அத்தியாயத்தைச் சொல்ல முடியாது.

கடைசி அறை

அறுபதுகளில் நான் பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, திருத்தணி ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா ஒன்றுதான் கேட்டார். “பல்லுக்கு எதுக்குடா அத்தினி வருஷம்? மொத்தமே முப்பத்திரண்டுதானே கீது?”

பிறகு ஈறு நோயில் மேற்படிப்பு என்றதும் உண்மையாகவே வருத்தப்பட்டார். நன்றாகப் படித்த பையன், பல்லையும் விட்டுவிட்டு ஈறுக்குப் போய்விட்டானே என்று.

கல்லூரியிலும் ஈறு நோய்த் துறைக்கு அந்த மரியாதைதான். பல் பிடுங்கும் துறையில் எப்போதும் கூட்டம். பல் கட்டும் துறையில் கார் வைத்திருப்பவர்கள் வருவார்கள். தாழ்வாரத்தின் கடைசியில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்த மாடிப்படிக்குப் பக்கத்தில், எங்கள் அறை. அங்கே வருபவர்களில் பாதிப் பேர் வழி கேட்க வந்தவர்கள்.

காரணம் எளிது. ஈறு நோய் வலிக்காது. பல்லோரத்தில் காரை படியும், ஈறு சிவக்கும், துலக்கும்போது இரத்தம் வரும். உடம்புச் சூடு என்று சொல்லி மோர் குடிப்பார்கள். உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். ஒருநாள் முறுக்கைக் கடித்தால் முறுக்கு அப்படியே இருக்கும், பல் அதோடு வந்துவிடும்.

விழுந்த பல்லுக்குப் பதிலாக எலும்பிலேயே ஓர் உலோக வேரை ஊன்றலாம், டைட்டேனியத்தை எலும்பு தன்னுடையதாக ஏற்றுப் பிடித்துக்கொள்கிறது என்ற செய்தி, கப்பலில் வரும் சஞ்சிகைகள் வழியாக எங்களை வந்தடைந்தது. தொடர்கதைக்குக் காத்திருப்பவனைப் போல ஒவ்வோர் இதழுக்கும் காத்திருந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கத்தால், தூரதேசத்துப் பழைய கல்லறை ஒன்றில் சிப்பித் துண்டுகள் பல்லாகப் பதிந்த தாடை கிடைத்திருக்கிறது என்ற செய்தியையும் கண்டுபிடித்து, எங்கள் பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“சிப்பி மெரினாவுலயே கிடைக்கும்யா. டைட்டேனியத்துக்கு வழி சொல்லு” என்றார்.

விசிலோடு பறந்த பல்

எங்கள் துறை வாரம் ஒருநாள் திருத்தணியில் முகாம் நடத்தியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடி. சொந்த ஊர் என்பதால் பொறுப்பு என் தலையில்.

முனிரத்தினம் அங்கேதான் வந்தார். பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டில் தறி. மனைவி சரோஜா லுங்கி நெய்வார். இவர் நெய்யப் பழகியவர்தான், ஆனால் ஓடி வந்துவிட்டார்.

“குழிக்குள்ள கால வுட்டுகினு ஒரே எடத்துல உக்காரணும் சார். நமக்கு ஆவாது. இங்கன்னா நின்னுகினே ஊர் சுத்தலாம்.”

முப்பத்தைந்து வயதுக்குள் ஈறு நோய் அவருடைய மேல் முன்பற்கள் இரண்டையும் கொண்டுபோயிருந்தது. மற்றவற்றை நாங்கள் காப்பாற்றினோம். காரை எடுத்து, ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து, துலக்கக் கற்றுக்கொடுத்து, ஓர் ஆண்டு ஆயிற்று. சொன்னதைச் சொன்னபடி செய்யும் நோயாளி. அப்படிப்பட்டவரைப் பார்த்தால் எங்கள் துறையில் கண் கலங்கும்.

காலியாக இருந்த இடத்துக்கு அவர் வேறெங்கோ ஒரு கழற்றி மாட்டும் பல்செட் வாங்கியிருந்தார். அதுதான் வினையாயிற்று.

கண்டக்டருக்கு ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. மலையோர வளைவில் வண்டி சாயும்போது முழங்கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஆகவே விசில் எப்போதும் முன்பற்களுக்கு நடுவில் இருக்கும். ஒருநாள் அம்மையார்குப்பம் நிறுத்தத்தில் அவர் மூச்சை இழுத்து ஊத, விசிலும் பல்செட்டும் சேர்ந்து பறந்து, உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மாளின் மடியில் விழுந்தன. மடியில் பல்லைப் பார்த்த அம்மாள் போட்ட அலறலில் டிரைவர் போட்ட பிரேக்கில் நான்கு பேருக்கு நெற்றி வீங்கியது.

பிறகு பல்செட் இல்லாமல் உதட்டால் பிடித்து ஊதிப் பார்த்தார். பூனை சீறுவது போல வெறும் காற்று வந்தது. விசிலை விட்டுவிட்டு வண்டியின் தகரத்தைக் கையால் தட்டத் தொடங்கினார். கூட்டத்தில் யாரோ தட்டியதை இவர் தட்டியதாக நினைத்து டிரைவர் வண்டியை எடுக்க, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்த பெரியவர் ஒருவரை நாலு பேர் பிடித்து இழுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

புகார் டிப்போவுக்குப் போனது. மேனேஜர் கெட்டவர் அல்ல. “தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள விசில் ஊதலன்னா லைன்ல அனுப்ப முடியாது. டிப்போவுல உக்காந்து டிக்கெட் கட்டு அடுக்கு” என்று சொல்லிவிட்டார்.

“தறிக்குழிக்கே திரும்பிப் போறாப்பல சார்” என்றார் முனிரத்தினம். “அங்கயாவது சாயந்திரத்துக்கு ஒரு லுங்கி வரும்.”

பங்குனியில் அறுவை

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூலம் பேராசிரியருக்கு நான்கு டைட்டேனியம் திருகாணிகள் கிடைத்தன. அவற்றை நெல்மணி போலப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார்.

“யாருக்குப் போடலாம்? எலும்பு வேணும், சுத்தமான ஈறு வேணும். முக்கியமா, போட்டுக்கிட்டவன் திரும்பி வரணும்.”

எந்த ஆராய்ச்சிக்கும் முதல் எதிரி திரும்பி வராத நோயாளி. நான் சொன்னேன்: “சார், எனக்கு ஒருத்தரைத் தெரியும். தினமும் ரெண்டு தடவை தானாக பஸ் நிலையத்துக்கு வந்தே தீருவார்.”

முனிரத்தினத்திடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மேல்தாடையில் எலும்பு பிடிக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை அந்த இடத்தை எதுவும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் திருகாணி இம்மியளவு அசையும். ஒருமுறை அசைந்தால் எலும்பு பிடிக்காது. எடுத்துவிட வேண்டும், எடுத்தால் மீண்டும் போட அங்கே எலும்பு மிஞ்சாது.

“தீபாவளிக்குள்ள ஆயிடும்னா சரி சார்” என்றார். பங்குனியிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். மிகச் சரியாக ஆகிவிடும். ஆனால் இரண்டாம் முயற்சிக்கு இடமில்லை.

அறுவை எங்கள் கல்லூரியில் நடந்தது. செய்தது நான். அதற்கு முன் ஆட்டுத் தாடையில்தான் செய்திருந்தேன். முனிரத்தினத்தின் முகத்தைப் பச்சைத் துணியால் மூடி வாயை மட்டும் திறந்து வைத்திருந்தோம். துளை போடும்போது எலும்பு சூடானால் செத்துவிடும் என்பதால் குளிர்ந்த உப்புநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பேராசிரியர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சில் ஏலக்காய் வாசம்.

திருகாணிகள் இரண்டும் உள்ளே போயின. ஈறை மூடித் தைத்தேன். அதன் பிறகுதான் ஒவ்வொரு முகாம் நாளிலும் அந்தப் படிக்கட்டுப் பரிசோதனை.

யாருக்கான வேண்டுதல்

ஆனி மாதத்தில் ஒருநாள், கண்ணாடியை வெளியே எடுத்ததும் முனிரத்தினம் சாவதானமாகச் சொன்னார்.

“சார், வர ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கறேன். அந்த வாரம் லீவு. வண்டியில தேடாதீங்க.”

“அலகா? எங்க?”

“கன்னத்துலதான். இந்தப் பக்கம் குத்தினா அந்தப் பக்கம் வரும்.”

நான் படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அலகு பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும் நீண்ட வேல் வாயின் குறுக்கே கிடக்கும். அதைப் பல்லால் கவ்விக்கொண்டு மலையேற வேண்டும். கிருத்திகைக் கூட்டத்தில் யார் இடித்தாலும் வேல் ஆடும். அது ஆடும் இடத்துக்கு நேர் மேலே என் திருகாணிகள்.

“அடுத்த வருஷம் வெச்சிக்கலாமே, முனிரத்தினம்.”

“முடியாது சார்.”

“இந்த வருஷம் பூக்காவடி எடுங்க. சாமி கோவிச்சிக்க மாட்டாரு.”

“எனக்காக வேண்டிகினு இருந்தா தள்ளிப் போடுவேன் சார். பேரம் கூடப் பேசுவேன். இது உங்களுக்காக வேண்டிகினது.”

“எனக்கா?”

“அன்னிக்கி துணிய போட்டு மூடினீங்க இல்ல? கண்ணு தெரியல. ஆனா உங்க கையில இருந்த கண்ணாடி என் பல்லு மேல டக்குடக்குன்னு ஆடிகினே இருந்திச்சி. சரி, டாக்டரு பயந்துட்டாருன்னு தெரிஞ்சிபோச்சி. தைரியம் சொல்லலாம்னா வாய்க்குள்ள உங்க கை. அப்பதான் வேண்டிகினேன். முருகா, இந்தாளு கைய ஆடாம நிறுத்து, கன்னத்துல அலகோட மலையேறி வரேன்னு. சொல்லி முடிக்கல சார், ஆட்டம் நின்னுபோச்சி.”

பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஆர்வமாகக் கேட்டார். “நெசமா சார்?”

கை நடுங்கியது உண்மை. நின்றதும் உண்மை. முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டதால் நின்றது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“நீங்க வேலைய முடிச்சிட்டீங்க. சாமியும் முடிச்சிட்டாரு. நான் மட்டும் அடுத்த வருஷம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றார் முனிரத்தினம்.



வேலின் விட்டம்

பேராசிரியர் குதித்தார். “என்னய்யா இது? கையில இருந்ததே நாலு. அதுல ரெண்ட எடுத்துட்டுப் போய் வேலுக்குப் பக்கத்துல வைக்கப் போறானா? நீ வேணாம்னு சொல்லல?”

“எனக்காக வேண்டிக்கிட்டதாம் சார்.”

“உனக்கு எதுக்கு?”

சொன்னேன். அவர் என் கையை ஒரு கணம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு, முற்றிலும் வேறு குரலில், “வேலோட விட்டம் எவ்வளவு?” என்றார்.

யோசனை அவருடையது. கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் உட்காரும்படி ஒரு பிளாஸ்டிக் அச்சு. அதன் நடுவே, வேல் சரியாகப் பதியும்படி ஒரு பள்ளம். வேலின் கனம் முழுவதும் கடைவாய்க்குப் போய்விடும். முன்பக்கம் எதுவும் தொடாது. அந்த வாரம் முழுவதும் அவர் அச்சை ராவிக்கொண்டே இருந்தார். தாடை உடைந்த நோயாளிக்கு என்று நினைத்து மாணவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

விட்டம் அளக்க நான் கோவிந்தசாமியிடம் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஆடி வந்தால் அலகு குத்துவது அவர்தான். அளவுகோலோடு நான் வேலைப் பிடித்ததைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“எதுக்கு சார் அளவு? பேரிங்கு போடப் போறீங்களா?”

“ஏறக்குறைய அதுதான். இன்னொண்ணு. குத்தறதுக்கு முன்னால இதைக் கொதிக்க வைக்கணும்.”

“விபூதி தடவி, எலுமிச்சம்பழம் தேய்ச்சிதான் சார் எடுப்போம்.”

“அதெல்லாம் வழக்கம்போல செய்யுங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு கொதி.”

கொஞ்சம் யோசித்தார். “கொதிக்க வைக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. ஆனா எதுல வைப்பீங்க? இது இன்னா இட்லியா?”

அதில் நியாயம் இருந்தது. முகாமில் கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டியில் வேலின் பாதிதான் போனது. முனிரத்தினம் உதவிக்கு வந்தார். “எங்க வூட்டாண்ட நூலுக்கு சாயம் போடற தொட்டி கீது சார். நீளமா இருக்கும்.” கன்னத்தில் பச்சை இறங்கிய முருக பக்தரை நினைத்துப் பார்த்து மறுத்துவிட்டேன். கடைசியில் கோவிந்தசாமியே கூரைத் தண்ணீர் வடியும் தகர வாய்க்கால் ஒன்றை வெட்டி, இரண்டு முனையையும் பற்றவைத்துக் கொடுத்தார். கீழே வரிசையாக மூன்று ஸ்டவ்.

தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோவிந்தசாமி கேட்டார். “எலும்புல ஏதோ போட்டிருக்கீங்களாமே, அத எப்ப எடுப்பீங்க?”

“எடுக்க மாட்டோம். அது அங்கேயே இருக்கும்.”

“நாங்க மலை மேல போனதும் உருவிடுவோம். உங்க வேண்டுதலு இன்னும் பெருசா கீதே” என்றார்.

குடையும் காவடியும்

கிருத்திகை அன்று சரவணப் பொய்கையில் குளித்து, மஞ்சள் வேட்டியில் ஈரத்தோடு வந்தார் முனிரத்தினம். பொட்டும் சந்தனமுமாக முகம் மாறியிருந்தது. நான் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, பையில் பஞ்சும் கண்ணாடியுமாக நின்றேன். சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்ன பேராசிரியர் கையில் குடை.

அச்சை நானே உள்ளே பொருத்தினேன். கோவிந்தசாமி கன்னத்தில் விபூதியைத் தேய்த்தார். பம்பை மேளம் உச்சத்துக்குப் போன ஒரு கணத்தில் வேல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் தெரிந்தது. ஒரு துளி இரத்தம்கூட வழியவில்லை. வேல் பள்ளத்தில் உட்கார்ந்ததும் முனிரத்தினம் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முன்பக்கம் விரல் நுழையும் இடைவெளி. பேராசிரியர் தமக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். அரோகராவாகவும் இருக்கலாம்.

பாதி மலைவரை எல்லாம் நன்றாகவே போனது. பூவும் வியர்வையும் கற்பூரமும் கலந்த அந்த வாசனையில் எனக்கே கொஞ்சம் கிறக்கமாக இருந்தது. அப்போது பின்னால் ஆடி வந்த ஒரு காவடி சுழன்று, அதன் மூங்கில் வளைவு வேலின் முனையில் பட்டது. வேல் ஒரு துள்ளுத் துள்ளியது. அச்சின் ஒரு பக்கம் கழன்று மேலே எழும்புவதைப் பார்த்தேன்.

நான் எட்டுவதற்குள் பேராசிரியர் குடையை விரித்துக் குறுக்கே பிடித்து, “தள்ளிப் போங்கய்யா, தள்ளிப் போங்க” என்று கத்தினார். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. ஒரு வட்டம் உண்டாயிற்று. நான் விரலை விட்டு அச்சை அழுத்தி உட்கார வைத்தேன்.

“யாருப்பா இந்தக் குடை சாமி?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“பல்லு டாக்டருங்களாம்.”

“பல்லு டாக்டருக்கு இங்க இன்னா வேல?”

மலை மேல் வேலை உருவி, கன்னத்தில் விபூதியை அழுத்தினார் கோவிந்தசாமி. தரிசனம் முடிந்து வந்து வாயைத் திறந்தார் முனிரத்தினம். இடது பக்கம் ஈறு எப்போதும் போல இருந்தது. வலது திருகாணிக்கு மேலே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. அச்சின் விளிம்பு பட்ட தடம்.

“எப்படி கீது சார்?”

“மேலுக்கு ஒண்ணுமில்ல” என்றேன். உள்ளே அசைந்ததா இல்லையா என்று எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது. புரட்டாசிக் கடைசிவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தட்டிப் பார்த்தல்

சோதனை மிகச் சாதாரணமானது. ஈறைச் சிறிதாகத் திறந்து, திருகாணியின் தலையில் ஒரு குட்டித் தண்டை முடுக்கி, கண்ணாடியின் கைப்பிடியால் தட்ட வேண்டும். எலும்பு பிடித்திருந்தால் வெண்கல டம்ளரைத் தட்டியது போலக் கணீரென்று கேட்கும். பிடிக்கவில்லை என்றால் மரத்தைத் தட்டியது போல மொத்தென்று கேட்கும். வேறு கருவி எங்களிடம் இல்லை.

அன்று முனிரத்தினத்தோடு சரோஜாவும் கல்லூரிக்கு வந்திருந்தார். சுவரோரமாக ஒரு முக்காலியில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் என் முதுகுக்குப் பின்னால். பச்சைத் துணி. எல்லாம் பங்குனியில் இருந்தது போலவே. கையும்.

“முனிரத்தினம், தயவு செஞ்சி இப்ப எதையும் வேண்டிக்காதீங்க” என்றேன்.

துணிக்குள் இருந்த தலை ‘மாட்டேன்’ என்று ஆடியது.

இடது பக்கம் தட்டினேன். கணீர்.

வலது பக்கம். கைப்பிடியை வைத்துவிட்டு எடுத்தேன். மறுபடி வைத்தேன். பேராசிரியர், “தட்டேன்யா” என்றார். தட்டினேன்.

கணீர்.

“இன்னொரு தடவை” என்றார். தட்டினேன். பிறகு அவரே என் கையிலிருந்து வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார். மூக்கைச் சிந்தியபடி வெளியே போனார்.

துணியை எடுத்ததும் முனிரத்தினம் முதலில் சொன்னது, “நான் ஒண்ணும் வேண்டல சார்.”

“நாந்தான் வேண்டிகினேன்” என்றார் முக்காலியிலிருந்து சரோஜா.

“என்னன்னும்மா?”

“ரெண்டும் நின்னு, இவரு விசில் ஊதற அன்னிக்கி மலைக்கு வந்து மொட்டன்னு.”

முனிரத்தினத்தின் சுருட்டை முடியைப் பார்த்தேன். “போனா போகுது. முடி வளர்ந்துடும்.”

“அவருக்கு இல்ல டாக்டரே. உங்களுக்கு.”



“எனக்கு மொட்டையா? என்னைக் கேக்கவே இல்லையேம்மா.”

“உங்கள கேட்டா வேணாம்னுவீங்க. அதான் நேரா சாமியாண்ட சொல்லிட்டேன்.” அவர் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. “எங்க வூட்டுக்காரரு உங்களுக்காக கன்னத்துல குத்திகினாரு. நீங்க அவருக்காக முடி குடுக்கக் கூடாதா? ரத்தம் கூட வராது.”

தீபாவளி முடிந்த வாரம் வடக்கே ஒரு மாநாட்டில் இந்த ஆராய்ச்சியைப் பற்றி நான் பேச வேண்டும். புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேன். “மாநாடு முடிஞ்சதும் கண்டிப்பா” என்று ஆரம்பித்தேன்.

“சாமி அவர் வேலைய முடிச்சிட்டாரே சார்” என்றார் முனிரத்தினம். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டார்.

கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் தீர்ப்புச் சொன்னார். “பல் இன்னும் மாட்டல. ஆராய்ச்சி நடுவுல முறைய மாத்தக் கூடாது. இதுவரைக்கும் எல்லா வேண்டுதலையும் நிறைவேத்தியிருக்கோம். போய் அடிச்சிக்கய்யா.”

ஐப்பசியில் இரண்டு திருகாணிகளின் மேலும் பல் ஏறியது. தீபாவளிக்கு முந்தின நாள் டிப்போ மேனேஜர் தம் அறையிலேயே ஊதிக்காட்டச் சொன்னார். முனிரத்தினம் ஊதினார். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு, பள்ளிப்பட்டு லைனுக்கே உத்தரவு எழுதினார். அன்று மதியம் மலை மேல் என் முடி இறங்கியது. சரோஜா பக்கத்தில் நின்று, காதோரம் விட்டுப்போன இடத்தை நாவிதருக்குக் காட்டிக்கொடுத்தார்.

மாநாட்டில் நான் எதையும் மறைக்கவில்லை. குணமாகும் காலத்தில் வேறு ஏதாவது அழுத்தம் ஏற்பட்டதா என்று ஒருவர் கேட்டார். அலகு குத்தியதைப் பற்றிச் சொன்னேன். அச்சின் படத்தைத் திரையில் காட்டினேன். அவையினர் அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்ததும், தலைமை வகித்த வடநாட்டுப் பெரியவர் என்னைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை வைத்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், வீட்டில் யார் காலமானது, தந்தையா, தாயா என்று கேட்டார்.

“யாரும் இல்லை ஐயா. ஒருவருக்குப் பல் நின்றுவிட்டது” என்றேன்.